பெர்லினுக்கு எதற்கு இரண்டு ஜூ?

பிரிந்து தனிக்குடித்தனம் போன அண்ணன் தம்பிகள் நாற்பது வருஷம் கழித்து ஒரே வீட்டில் குடியேறினால் என்ன ஆகும்? இரண்டு பீரோ, இரண்டு கிரைண்டர், இரண்டு சுவர்க்கடிகாரம். எதை வைத்துக்கொள்வது, எதைப் போடுவது என்று பஞ்சாயத்து நடக்கும். 1990இல் ஜெர்மனி ஒன்றானபோது பெர்லினுக்கு அந்த நிலைமைதான். நகர நிர்வாகம் இரண்டு, வானொலி இரண்டு, போலீஸ் இரண்டு. பலவற்றை இணைத்தார்கள், சிலவற்றை இழுத்து மூடினார்கள். விலங்குக் காட்சிசாலைகளோ இரண்டாகவே தப்பிவிட்டன.

ஒரே நகரத்துக்கு எதற்கு இரண்டு என்ற கேள்வி அன்று முதல் இன்று வரை அவ்வப்போது தலைதூக்குகிறது. கேட்பவர்களில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தவர்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

மேற்கே இருப்பது மூத்தது. பெர்லின்காரர்களுக்கு அது வெறும் 'ஜூ'. பக்கத்து ரயில் நிலையத்துக்கும் அதே பெயர். 1844 ஆகஸ்ட் 1 அன்று திறந்த இதுதான் ஜெர்மனியின் முதல் விலங்குக் காட்சிசாலை. மார்ட்டின் லிக்டன்ஸ்டைன் என்ற விலங்கியலாளர் முன்னின்று நடத்த, பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரெடரிக் வில்லியம் இடமும் கொடுத்தார், தன் அரண்மனைத் தீவில் வளர்த்த விலங்குகளையும் கொடுத்தார். நடத்துவது ஒரு பங்கு நிறுவனம். பங்குகள் மொத்தம் 4,000. வைத்திருப்பவருக்கு டிவிடெண்டு வராது. குடும்பத்தோடு ஆயுசுக்கும் இலவசமாக உள்ளே போய்வரலாம். பெர்லின் நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்களில் அந்தப் பங்கு ஒரு கௌரவச் சின்னம். பரம்பரையாகக் கைமாறும்.

எல்லாப் பங்கும் அப்படிக் கைமாறவில்லை. 1938இல் யூதப் பங்குதாரர்கள் தங்கள் பங்குகளை அடிமாட்டு விலைக்கு விற்கும்படி விரட்டப்பட்டார்கள். பிறகு யூதர்களுக்கு உள்ளே நுழையவே தடை வந்தது. அன்று இயக்குநர் லுட்ஸ் ஹெக், நாஜித் தலைவர்களுக்கு நெருக்கமானவர். வார்சா காட்சிசாலையிலிருந்து விலங்குகளை வாரிக்கொண்டு வந்தவர். இந்தக் கதையைச் சொல்லும் நினைவுப் பலகை 2011இல்தான் சுவரேறியது. இரலைகளுக்காக 1872இல் கட்டிய கீழைநாட்டு பாணிக் கட்டடத்தில் அது இருக்கிறது. உள்ளே ஒட்டகச்சிவிங்கி நிற்பதால், பலகையைக் கவனிக்காமல் போகிறவர்களே அதிகம்.

அதற்கும் முந்திய அசிங்கம் ஒன்று உண்டு. கூண்டில் விலங்கைக் காட்டியது போதாதென்று மனிதர்களையும் இங்கே காட்டினார்கள். ஹாம்பர்க் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக்கின் ஏற்பாட்டில் 1880இல் லாப்ரடார் கரையிலிருந்து எட்டு இன்யூட் மக்கள் பெர்லின் ஜூவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஆபிரகாம் என்பவர் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். கும்பல் முண்டியடித்த கதையெல்லாம் அதில் இருக்கிறது. அம்மை தாக்கி, 1881 ஜனவரிக்குள் எட்டுப் பேரும் இறந்துபோனார்கள்.

ஹாகன்பெக் என்ற பெயர் நம் பக்கத்துக்கும் புதிதல்ல. கார்லின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜான் ஹாகன்பெக் கொழும்பில் தொழில் செய்தவர். இலங்கையிலிருந்து யானைகளோடு ஆட்களையும் திரட்டி ஐரோப்பாவில் கண்காட்சி போட்டவர். 1926இல் பெர்லின் ஜூவில் அவர் நடத்திய இந்தியக் கண்காட்சியை அந்த நகரத்தில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் எதிர்த்தார்கள். இலங்கைத் தமிழர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, அதே ஜான் ஹாகன்பெக் தொடங்கியதுதான். அவர் நிறுவனம் நொடித்த பிறகு 1936இல் அரசு எடுத்துக்கொண்டது.

மறுபடி பெர்லினுக்கு வருவோம். 1943 நவம்பர் 22, 23 இரவுகளில் ஜூ மீது குண்டு விழுந்தது. யானை வீடு, நீர்வாழ் உயிரினங்களின் மாளிகை எல்லாம் தரைமட்டம். போருக்கு முன் 3,700க்கும் மேல் இருந்த விலங்குகளில் போர் முடியும்போது உயிரோடு இருந்தவை 91. அந்த 91இல் ஒன்று, 1943இல் பிறந்த நீர்யானைக் குட்டி க்னௌட்ஷ்கே. பட்டினி நகரத்தின் செல்லப்பிள்ளையாகி 1988 வரை வாழ்ந்தது. இப்போது வெண்கலச் சிலையாக நிற்கிறது. இடிபாடுகளுக்கு நடுவே பொறுப்பேற்று இந்த இடத்தை மீண்டும் நிறுத்தியவர் கத்தரீனா ஹைன்ரோத், ஜெர்மானிய விலங்குக் காட்சிசாலை ஒன்றின் முதல் பெண் இயக்குநர். ஜூவின் வரலாற்றில் ஒரே ஒருவரைப் பாராட்டச் சொன்னால் இந்த அம்மாளைத்தான் சொல்ல வேண்டும்.

கிழக்கின் கதை வேறு. போருக்குப் பின் நகரம் பிரிந்தபோது ஜூ மேற்கின் பங்குக்குப் போய்விட்டது. சுவர் எழாத காலம். கிழக்கு பெர்லின் பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு எல்லை தாண்டி, முதலாளித்துவ நாட்டில் யானை பார்த்துவிட்டு வந்தார்கள். கம்யூனிச அரசுக்கு இது பொறுக்குமா? ஃப்ரீட்ரிஷ்ஸ்ஃபெல்டே அரண்மனையின் பழைய தோட்டத்தை ஒதுக்கியது. லைப்சிக் ஜூவிலிருந்து ஹைன்ரிஷ் டாத்தேயை இயக்குநராக வரவழைத்தது. மக்கள் லீவு நாளில் மண்வெட்டியோடு வந்து கூலியில்லாமல் உழைத்தார்கள். 1955 ஜூலை 2 அன்று அதிபர் வில்ஹெல்ம் பீக் 'டியர்பார்க்'கைத் திறந்துவைத்தார்.

பரப்பளவைப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும். ஜூ ஏறத்தாழ 80 ஏக்கர். நாலா பக்கமும் சாலை, ஹோட்டல், ரயில் பாதை. டியர்பார்க் 160 ஹெக்டேர், அதாவது 395 ஏக்கர். பணமும் சிமெண்டும் கிடைக்காத அரசிடம் தாராளமாக இருந்தது நிலம் ஒன்றுதான். மனிதர்களைச் சுவர் கட்டி அடைத்த அரசு, ஒட்டகங்களுக்கும் காட்டெருமைகளுக்கும் அகழி வெட்டிப் புல்வெளியைத் திறந்துவிட்டது.

டாத்தே எளிதில் மறக்கக்கூடிய ஆள் இல்லை. வாராவாரம் வானொலியில் விலங்குக் கதை சொன்னார். கிழக்கு ஜெர்மனியில் ஒரு தலைமுறையே அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தது. குடும்பத்தோடு குடியிருந்ததும் பூங்காவுக்குள்தான். இளமையில், 1932இலேயே, நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேற்கில் 1957இல் ஜூவின் பொறுப்புக்கு வந்தவர் ஹைன்ஸ்-கியோர்க் க்ளோஸ். முப்பது வருஷத்துக்கும் மேல் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடிய ஆட்டம், பனிப்போரின் வேடிக்கையான கிளைக்கதை. 1958இல் சி சி என்ற பாண்டா கொஞ்ச நாள் டியர்பார்க்கில் தங்கிவிட்டுப் பிறகு லண்டன் போனது. 1963இல் டாத்தே ஆல்ஃபிரட் பிரெம் மாளிகையைத் திறந்தார். சிங்கம், புலிகளுக்கான அந்தக் கட்டடம் அன்று உலகிலேயே பெரியது. 1980இல் சீனத் தலைவர் ஹுவா குவோஃபெங், மேற்கு ஜெர்மன் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட்டுக்குப் பரிசளித்த பாவ் பாவ், டியென் டியென் பாண்டா ஜோடி மேற்கு ஜூவுக்கு வந்து சேர்ந்தது. இங்கே ஒரு புது இனம் வந்தால் அங்கேயும் ஒன்று வந்தாக வேண்டும். வரி கட்டியவர்கள் கணக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இரண்டு அரசுகளும் கொடுத்திருக்கும். யானையும் அன்று அரசியல்தானே.

டாத்தே பல காலம் கனவு கண்ட தடித்தோல் விலங்குகளின் வீடு, யானைக்கும் காண்டாமிருகத்துக்குமான பிரமாண்டக் கட்டடம், 1989இல் முடிந்தது. அதே வருஷம் அதைக் கட்டிய நாடு ஆட்டம் கண்டது. அடுத்த ஆண்டு நாடே இல்லை. டியர்பார்க்கை மூடிவிடுவார்களோ என்ற பயம் கிழக்கில் பரவியது. 1990 டிசம்பரில், 80 வயதான டாத்தேக்குக் கடிதம் வந்தது: பதவி முடிந்தது, வீட்டையும் காலி செய்ய வேண்டும். 36 வருஷம் நடத்திய பூங்கா. 1991 ஜனவரி 6 அன்று அவர் இறந்துபோனார். சட்டப்படி தவறு ஒன்றுமில்லை, வயதும் ஆகிவிட்டது. ஆனாலும் ஒன்றிணைப்பு தங்களை எப்படி நடத்தியது என்று கிழக்குக்காரர்கள் சொல்லும் கதைகளில் இதற்கு இடம் உண்டு. இன்று பெர்லினில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அவர் பெயர்.

பூங்காவை மூடவில்லை. மேற்கு ஜூவின் துணை நிறுவனமாக்கி வைத்துக்கொண்டார்கள். தோற்றவரின் வீடு ஜெயித்தவர் பட்டாவில் ஏறிய கதை என்று கிழக்கில் முணுமுணுப்பு இருந்தது. உண்மையில் அதைக் காப்பாற்றியதும் அந்த ஏற்பாடுதான்.

இப்போதைய ஒப்பீட்டுக்கு வருவோம். ஜூ கூட்டத்தை இழுக்கும். வருஷத்துக்கு 30 லட்சம் பேருக்கு மேல். டியர்பார்க்குக்கு வருபவர்கள் அதில் பாதிகூடத் தேறாது. ஜூ தன் வருமானத்தில் ஓடுகிறது, டியர்பார்க்குக்கு நகர அரசின் மானியம் வேண்டும். ஜூவின் கையில் நட்சத்திரங்கள் இருப்பது ஒரு காரணம். 2006 டிசம்பர் 5 அன்று பிறந்து தாய் ஒதுக்கிவிட்ட பனிக்கரடிக் குட்டி க்னூட்டை ஞாபகமிருக்கிறதா? பராமரிப்பாளர் தாமஸ் டோர்ஃப்லைன் பக்கத்திலேயே படுத்து, புட்டிப்பால் கொடுத்து, கிடார் வாசித்து வளர்த்தார். உலகமே பார்த்தது. பொம்மை, மிட்டாய் என்று பணம் கொட்டியது. குட்டியின் தகப்பன் கரடிக்குச் சொந்தக்காரரான நோய்மூன்ஸ்டர் ஜூ பங்கு கேட்டு வழக்குப் போட்டது; 2009இல் 4,30,000 யூரோவுக்குச் சமரசம் ஆனது. டோர்ஃப்லைன் 2008இலேயே இறந்துவிட்டார். க்னூட் 2011 மார்ச் 19 அன்று, பார்வையாளர்கள் கண்ணெதிரே, வலிப்பு வந்து குளத்தில் விழுந்து மூழ்கியது. வயது நான்கு. மூளையைத் தாக்கும் தன்னுடல் எதிர்ப்பு நோய் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துச் சொல்ல 2015 ஆனது. ஒரு விலங்கை நட்சத்திரமாக்கினால் என்னென்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

பாடம் படித்தார்களா? பாண்டாவைப் பாருங்கள். 2017 ஜூனில் மெங் மெங், ஜியாவ் சிங் என்ற ஜோடி வந்திறங்க, ஜூலையில் ஏங்கலா மெர்க்கலும் ஷி ஜின்பிங்கும் சேர்ந்து வந்து தொடங்கிவைத்தார்கள். இப்போது பாண்டா பரிசாக வருவதில்லை. வாடகைக்குத்தான், வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வாக்கில். இங்கே பிறந்த குட்டிகளும் சீனாவுக்கே சொந்தம். 2019இல் பிறந்த இரட்டையர் 2023 டிசம்பரில் விமானம் ஏறிவிட்டன.

டியர்பார்க்கில் இந்தப் பரபரப்பு கிடையாது. நடக்க வேண்டும், நிறைய நடக்க வேண்டும். ஆல்ஃபிரட் பிரெம் மாளிகை வாசலில் பெரிய வெண்கலச் சிங்கங்கள் உறுமிக்கொண்டிருக்கும். பெர்லின் அரண்மனை முன்னால் கைசர் முதலாம் வில்ஹெல்முக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்துக்காகச் செய்யப்பட்டவை அவை. 1950இல் கிழக்கு அரசு சின்னத்தை இடித்தபோது கைசர் போனார், சிங்கங்கள் பிற்பாடு இங்கே வந்தன. பிள்ளைகள் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார்கள். அந்த மாளிகை 2020இல் மழைக்காட்டு வீடாகப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. இடிபாடுகளைக் கொட்டி எழுந்த மேடு ஒன்று இப்போது இமயமலை. பனிச்சிறுத்தையும் சிவப்புப் பாண்டாவும் அதில் வாழ்கின்றன. சரிவில் விலங்கைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் பிடிக்கும். சில சமயம் கண்ணில் படாது. காசு கொடுத்து வந்தவருக்கு எரிச்சல்தான். ஆனால் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று விலங்கின் பக்கம் நின்று கேட்டால், டியர்பார்க்குக்குத்தான் மதிப்பெண் கூட.

ஜூ அதில் தோற்பதற்குக் காரணம் நிர்வாகமல்ல, இடம்தான். சுற்றிலும் நகரம் நெருக்கும்போது ஒரு கரடிக்கு எவ்வளவுதான் ஒதுக்க முடியும்? 2022இல் கத்யூஷா என்ற கிழட்டுப் பனிக்கரடி 37 வயதில் இறந்த பிறகு ஜூ பனிக்கரடி வளர்ப்பையே விட்டுவிட்டது. க்னூட்டால் உலகப் புகழ் அடைந்த இடம் எடுத்த முடிவு இது. சரியான முடிவும்கூட. மூத்த கொரில்லா ஃபாட்டூ மட்டும் 1959 முதல் அங்கேயே இருக்கிறது.

கைக்குழந்தையோடு அரை நாள்தான் கிடைக்கும் என்றால் ஜூவுக்குப் போங்கள். நீர்யானை, பாண்டா, முதலை எல்லாம் கூப்பிடு தூரத்தில். முழு நாளும் காலுக்குப் பழகிய செருப்பும் இருந்தால் டியர்பார்க். இரண்டும் வேண்டுமென்றால் ஒரே நாளில் முயற்சி செய்ய வேண்டாம், கால் வீங்கும். ஜூ நிலையத்தில் யூ2 ரயில் ஏறி, அலெக்ஸாண்டர்பிளாட்ஸில் யூ5க்கு மாறினால் டியர்பார்க் வாசலிலேயே இறங்கலாம். அங்கே உள்ளே போக வேறு டிக்கெட் எடுக்க வேண்டும்.