முதல் கத்தி: பேனாக்கத்திக்கு ஒரு வக்காலத்து

சென்ற மாதம் ஒரு மாலை, விடுதி உணவகத்தில், முதலாண்டு முதுகலை மாணவர் ஒருவர் தம் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். இணையக் கடையொன்றின் கூடை. அதில் ஒரு மடக்குக் கத்தி. கறுப்புப் பூச்சு, பாதி அலகுக்கு ரம்பப் பல், பிடியில் மண்டையோடு, விரலால் தட்டினால் வில்விசையில் பாய்ந்து திறக்கும் அமைப்பு. "அக்கா, புதிதாக வாங்குகிறவர்களுக்கு இதுதான் நல்லது என்று எல்லாக் காணொளியிலும் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?" என்றார். எதை வெட்டப் போகிறாய் என்று கேட்டேன். சற்று யோசித்தார். "பார்சல் பிரிக்கலாம். அப்புறம், சும்மா, கையில் ஒன்று இருக்கட்டுமே என்றுதான்."

அந்தச் 'சும்மா'வைப் பற்றியதே இந்தப் பதிவு. நீளமானது, 'பிளேடு' என்று சொல்ல விரும்புவோர் இப்போதே விலகிவிடலாம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடம் பையில் வைத்துக்கொள்ள முதல் கத்தி வாங்குகிறவர் வாங்க வேண்டியது, நகத்தால் இழுத்து இரு கையாலும் திறக்கும், ஏழு சென்டிமீட்டருக்கு மேற்படாத அலகுடைய, எளிதில் சாணை பிடிக்கக்கூடிய, பார்த்தால் யாரும் அஞ்சாத ஒரு பேனாக்கத்தி. அதைத் தவிர வேறு எதையும் தொடக்கநிலையாளருக்குப் பரிந்துரைப்பவர் அறியாமையால் பேசுகிறார், அல்லது விற்பனைக்காகப் பேசுகிறார். இரண்டாம் வகையினர்தாம் மிகுதி.

விற்பனையின் மொழியை முதலில் பார்ப்போம். அது என் துறையும்கூட. 'ஈடிசி' என்று மூன்று எழுத்துகளை உச்சரித்தவுடன், பழம் நறுக்கும் ஒரு சாதாரணப் பழக்கம் உறுப்பினர் சேர்க்கை நடத்தும் ஒரு குழுவாகிவிடுகிறது. 'டாக்டிகல்' என்ற அடைமொழி அதைவிடத் திறமையானது. அது கத்தியின் எந்தப் பண்பையும் குறிப்பதில்லை. எஃகையோ வடிவத்தையோ எடையையோ சுட்டுவதில்லை. வாங்குபவரைப் பற்றிய ஒரு கற்பனையை மட்டுமே சுட்டுகிறது. அவர் போர்வீரர், அவரைச் சுற்றி எதிரிகள். மாறாக, நம் பாட்டன்மார் சொன்ன 'பேனாக்கத்தி' என்ற சொல்லைப் பாருங்கள். இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்டதால் ஆங்கிலத்தில் ஏற்பட்ட பெயர். நாம் பாதியைக் கடன் வாங்கிப் பாதியை மொழிபெயர்த்துக்கொண்டோம். இறகு போய் நூற்றாண்டுகள் ஆனபின்னும் அந்தப் பெயர் ஒரு வேலையைச் சொல்கிறது.

அந்தக் கடனுக்கு முன்பும் நம்மிடம் பொருள் இல்லாமல் இல்லை. ஓலையில் எழுதியோர் வைத்திருந்த மடக்கெழுத்தாணியில், பிடிக்குள் ஒரு பக்கம் எழுத்தாணியும் மறுபக்கம் கத்தியும் மடங்கியிருக்கும். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் அதை விவரித்திருக்கிறார். ஓலையை வார வேண்டும், நறுக்க வேண்டும், எழுத வேண்டும். இவற்றுக்கென ஒரே கருவி. தமிழ் படிக்கும் ஒருவர் பையில் மடக்குக் கத்தி வைத்திருப்பது நாகரிகக் கேடு என்று முகம் சுளிப்பவர்களுக்கும் இதுவே என் விடை.

இனி என் கதை. இந்த அறிவு எனக்கு நூலகத்தில் கிடைத்ததன்று.

குடுக்கு மொழி பேசும் ஊர்களுக்குக் களப்பணியாகச் செல்ல ஜார்க்கண்டுக்கு முதன்முறை புறப்பட்டபோது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை: தனியாகப் போகிற பெண். பெரியம்மா மிளகாய்ப் பொடி கட்டிக் கொடுத்தார். மாமா, "ஒரு கத்தி வைத்துக்கொள்" என்றார். நானும் அச்சத்தோடுதான் இருந்தேன், மறைப்பானேன். இன்று அந்த மாணவர் காட்டிய கத்தியின் தங்கை என்று சொல்லத்தக்க ஒன்றை வாங்கினேன். கறுப்பு அலகு ஒன்பது சென்டிமீட்டர் இருந்தது. உதவித்தொகை வராத மாதத்தில் 2,400 ரூபாய்.

ரயிலில் கொய்யாப்பழம் நறுக்க அதை எடுத்தேன். 'க்ளக்' என்ற ஓசையோடு திறந்தது. எதிர் இருக்கையில் இருந்த பெண், என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடியில் இருந்த குழந்தையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் நீட்டிய பழத்துண்டை அந்தக் குழந்தை வாங்க அவர் விடவில்லை. அச்சத்தைப் போக்கிக்கொள்ள வாங்கிய பொருளைக் கொண்டு நான் செய்து முடித்த முதல் செயல், இன்னொரு பெண்ணை அச்சுறுத்தியது. திரும்பி வரும்போது ஒரு மெட்ரோ நிலையச் சோதனையில் அது பறிபோயிற்று. காவலில் இருந்த பெண் அதை விரித்துப் பார்த்து, "இது எதற்கு?" என்றார். பழம் நறுக்க என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதை நானே நம்பியிருக்க மாட்டேன்.

இடைப்பட்ட மூன்று வாரங்களில் அந்தக் கறுப்புக் கத்தி என்ன வேலை செய்தது? ஒலிப்பதிவுக் கருவியின் கம்பியில் உறை நீக்க வேண்டியிருந்தது. அலகு தடித்ததாகையால் கம்பியையே வெட்டிற்று. பென்சில் சீவ முடியவில்லை. நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தம் சட்டைப்பையிலிருந்து பித்தளைப் பிடி போட்ட ஒரு பழைய பேனாக்கத்தியை எடுத்து ஒரு நிமிடத்தில் கம்பியைச் சீர்செய்து கொடுத்தார். அதன் அலகு தேய்ந்து தேய்ந்து என் சுண்டுவிரல் அகலத்திற்கு வந்திருந்தது. அத்தனை ஆண்டுகள் அதற்கு வேலை இருந்திருக்கிறது.

"தற்காப்பு?" என்று கேட்பவர்கள் இப்போது வருவார்கள். 2013 சனவரியில் மும்பையில் ஓர் அரசியல் கட்சி பெண்களுக்குக் கத்தி வழங்கி விழா எடுத்ததை நினைவூட்டுவார்கள். பெண்கள் தெருவில் அஞ்சாமல் நடக்க ஏற்பாடு செய்ய வேண்டியவர்கள், கையில் ஒரு கத்தியைத் திணித்துப் பொறுப்பைக் கைகழுவினார்கள் என்பதே அந்த விழாவின் பொருள். நடைமுறைக்கு வருவோம். மடக்குக் கத்தியைப் பையில் தேடி எடுத்து, விரித்து, சரியாகப் பிடிப்பதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிடும். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் தடுப்பில்லாத சிறு கத்தியால் குத்த முயன்றால், வியர்த்த கை வழுக்கித் தன் விரலையே அறுத்துக்கொள்ளும். வலுவான எதிராளி அதைப் பிடுங்கினால் அவர் கையிலும் கத்தி இருக்கும். தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தருகிறது, உண்மை. ஆனால் வெட்டும் குத்தும் கருவியால் காயம் விளைவிப்பதைப் பாரதிய நியாய சங்கிதையின் 118ஆம் பிரிவு தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. தற்காப்பு என்பதை நீங்கள் பிறகு, வழக்கில், நிறுவ வேண்டியிருக்கும். ஓடுவதும் கூச்சலிடுவதும் கத்தியைவிட மேலானவை. இதை எழுத எனக்கு மகிழ்ச்சியில்லை. ஆனாலும் அச்சத்திற்கு மருந்தென்று ஒரு பொய்யை விற்பதைவிட இது நேர்மையானது.

சட்டத்தைப் பற்றிக் காணொளிக்காரர்கள் ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள்: "ஒன்பது அங்குலம் வரை உரிமம் வேண்டாம்." 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், ஒன்பது அங்குலத்திற்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்திற்கு மேல் அகலமோ உடைய அலகுகளைப் பட்டியலிடுகின்றன, வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கானவற்றை விலக்குகின்றன. அதுவரை சரி. அவர்கள் சொல்லாமல் விடுவது, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தன் நான்காம் பிரிவில் குறிப்பிட்ட பகுதிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு அறிவிக்க இடந்தருகிறது என்பதை. டெல்லிக்கு 1980இல் வந்த அறிவிக்கை அப்படிப்பட்டது. வில்விசைக் கத்தி, பட்டன் கத்தி, கராரிக் கத்தி, வேறு இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்தி ஆகியவற்றில், அலகு 7.62 சென்டிமீட்டர் நீளத்தையும் 1.72 சென்டிமீட்டர் அகலத்தையும் எட்டினால் அதன் வரம்புக்குள் வரும். ஒன்பது அங்குலம் எங்கே, மூன்று அங்குலம் எங்கே! அந்த மாணவர் கூடையில் வைத்திருந்தது வில்விசைக் கத்தி. அலகு ஒன்பதரை சென்டிமீட்டர். அவர் இருப்பதோ டெல்லியில்.

பட்டன் கத்தி வைத்திருந்ததாகத் தொடுக்கப்பட்ட டெல்லி வழக்கொன்றை 2025இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த அறிவிக்கை தயாரிப்பு, விற்பனை போன்ற நோக்கங்களைப் பற்றியது, குற்றப்பத்திரிகையில் அப்படி எந்த நோக்கமும் சொல்லப்படவில்லை என்பது காரணம். "பார்த்தீர்களா, குற்றமில்லை" என்று இதைக் காட்டுவோர் உண்டு. நான் இதில் காண்பது வேறு: உயர் நீதிமன்றம் மறுத்தபின் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. சட்டைப்பையில் கத்தியோடு நிற்கும் இளைஞரின் முகவரியையும் பெயரையும் உடையையும் பார்த்துச் சந்தேகத்தின் அளவு கூடிக் குறையும் நாட்டில் இருக்கிறோம். 'சும்மா' என்ற சொல்லுக்கு எல்லோருக்கும் ஒரே விலை இல்லை. என்னிடம் பறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அந்த மாணவரை அப்படி அனுப்பியிருப்பார்களா என்று எனக்கு உறுதியில்லை. இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஐயந்தான்.

கைப்பழக்கத்தைப் பற்றி ஒன்று. இந்நாட்டு அடுக்களைகள் பலவற்றில் கத்தி அசைவதில்லை. காய்தான் கத்தியிடம் செல்கிறது. நமக்கு அரிவாள்மணை, கன்னடத்தில் ஈளிகெமணெ, தெலுங்கில் கத்திபீட்ட, மராத்தியில் விளீ, வங்கத்தில் பொட்டி, பீகாரிலும் ஜார்க்கண்டிலும் பஹ்சுல். இரு கையும் காயில் இருக்க, அலகு நிலையாக நிற்கும். மடக்குக் கத்தியோ இதற்கு நேர்மாறு. அலகே நகரும், போதாக்குறைக்குத் தன் பிடிக்குள்ளேயே திரும்பி மடங்கும். எனவே தொடக்கநிலையாளர் கற்க வேண்டியது ஒன்றே: இழுத்து அறுக்க வேண்டும், முனையால் குத்தி நெம்பக் கூடாது. குத்தினால் பூட்டில்லாத கத்தி விரலின்மேல் மடங்கும். "அதற்குத்தானே பூட்டுள்ள கத்தி வாங்கச் சொல்கிறோம்" என்பார்கள். பூட்டு இருக்கிறது என்ற துணிவில் முரட்டுத்தனமாக அழுத்திப் பழகிய கை, பூட்டு ஒருநாள் நழுவும்போதுதான் பாடம் கற்கும். பூட்டு வேண்டவே வேண்டும் என்பவருக்கு, சவாய் நாட்டு ஓப்பினல் கத்தியின் திருகு வளையம் போதும். 1955 முதல் இருந்துவருகிற அமைப்பு. பார்த்தாலே பூட்டியிருக்கிறதா என்று தெரியும். ஆனால் ஏழாம் எண்ணின் அலகு எட்டு சென்டிமீட்டர். ஆறாம் எண்ணை வாங்குங்கள், அது ஏழு.

எஃகைப் பற்றிய புராணத்தை விரைவாக முடித்துவிடலாம். 'சூப்பர் ஸ்டீல்' என்று விற்கப்படுவன நெடுநாள் கூர் காப்பது உண்மை. கூர் போனபின் என்ன செய்வீர்கள்? அவற்றில் உள்ள வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினம், வைரத்தகடு வேண்டும். தெருவில் சைக்கிள் சக்கரத்தோடு வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால், உலர்ந்த சக்கரத்தின் சூட்டில் மெல்லிய வாயின் பதம் போய்விடும். விக்டோரினாக்ஸ் தன் கத்திகளுக்கு ராக்வெல் அளவில் 56 அளவிலான மிதமான எஃகையே பயன்படுத்துகிறது. சீக்கிரம் மழுங்கும், இருபுறக் கல்லில் பத்து நிமிடம் தேய்த்தால் மீண்டும் கூராகும். தொடக்கநிலையாளருக்கு வேண்டியது அந்தப் பத்து நிமிடப் பழக்கம். கார்பன் எஃகு இன்னும் எளிதில் கூராகும். ஆனால் எலுமிச்சை நறுக்கித் துடைக்காமல் விட்டால் கறுக்கும், கடற்கரை ஊர்களில் துருவேறும்.

அந்த மாணவர் கூடையைக் காலிசெய்துவிட்டு, "அப்போது எதைத்தான் வாங்குவது?" என்றார். சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தியில் மிக எளிய வகை ஒன்றைச் சொன்னேன்; அலகுகளோடு திருப்புளியும் தக்கைத் திருகும் உண்டு. 91 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பது பிடியின் நீளம், அலகு அதைவிடக் குறைவு என்றும் சொன்னேன். மெட்ரோவில் போகிற நாளில் அதையும் அறையில் வைத்துவிட்டுப் போ என்றேன். விமானத்தில் என்றால் சரக்குப் பெட்டியில்.

வாங்கினார். முதல் நாளே ஆரஞ்சுப் பழத்தோடு கட்டைவிரலையும் கீறிக்கொண்டார், குத்தித்தான் இருக்கிறார். நேற்று, சாணைக்கல் எங்கே கிடைக்கும் என்று செய்தி அனுப்பியிருந்தார். சாவ்ரி பஜாரின் இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கும். சனிக்கிழமை போகிறோம்.