நீதி இல்லாத நிதானம்

ஸ்டோயிக் தத்துவம் இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. காலையில் ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் பெயரில் ஒரு வாசகம், இரவில் பதற்றம் தணிக்க ஒரு பயிற்சி. நல்லதுதான். உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் சிகிச்சை முறைக்கே ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸிடம் கடன்பட்டதாகச் சொன்னவர். ஆனால் விவேகம், துணிவு, தன்னடக்கம், நீதி என்று ஸ்டோயிக்குகள் வைத்த நான்கு அறங்களில் நீதியை மட்டும் சத்தமில்லாமல் கழற்றிவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

கொட்டும் மழையில் சாப்பாடு அரை மணி நேரம் தாமதமாக வருகிறது. கத்தாமல், மூச்சை இழுத்துவிட்டு, நிதானமாக ஒரே ஒரு ஸ்டார் போடுகிறோம். தன்னடக்கத்தில் தேறிவிட்டோம், கொண்டுவந்தவரின் பிழைப்பில் கை வைத்துவிட்டோம். மழை நம் வசத்தில் இல்லை, சரி. அந்த ஸ்டார் முழுக்க முழுக்க நம் வசத்தில் இருக்கிறதே! எபிக்டெட்டஸ் அடிமையாக வாழ்ந்து, பின்னர் நிகோபோலிஸில் பள்ளி நடத்தியவர். அடிமையும் உன் உடன்பிறந்தவனே என்பது அவர் நடத்திய பாடங்களில் ஒன்று. கொள்ளைநோயும் டான்யூப் எல்லைப் போரும் ரோமை நெருக்கிய காலத்தில் ஆண்ட மார்கஸும், பொதுநலனுக்காகச் செயல்படுவதையே தன் குறிப்புகளில் திரும்பத் திரும்பத் தனக்கு நினைவூட்டிக்கொள்கிறார்.

அலுவலகங்களிலும் இதே கதைதான்: ஊழியர்களுக்கு மனஉறுதி வகுப்பு எடுக்கிறார்கள். எடுக்கட்டும். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை அனுப்பும் மேலாளரும் அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வேண்டும்.