சோடாக் கம்பெனி

அத்திப்பட்டு ஸ்டேஷனில் சென்ட்ரல் வண்டிக்காகக் காத்திருந்தேன். தினமும் முகம் பார்த்துச் சிரிக்கும் ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ பத்திரிகையிலே எழுதற பொண்ணாமே? இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா" என்று ஒரு கடிதத்தை நீட்டினாள்.

அவள் புருஷனுக்குப் பீர் ஆலையில் வேலை. 17 வருஷமாகப் புட்டி நிரப்பும் பகுதி. உறவுக்காரர்களிடமெல்லாம் 'சோடாக் கம்பெனி' என்றே சொல்லி வைத்திருக்கிறாள். பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டாமா?

ஆலை வேறொரு கம்பெனியோடு சேர்ந்துவிட்டதாம். 'மறுசீரமைப்பு' என்கிறது கடிதம். ஏதோ கட்டடத்துக்கு வெள்ளையடிக்கப் போகிறார்களாக்கும் என்று தோன்றும்! கூடவே இன்னொரு தாள். 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்று அதில் டைப் அடித்திருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

பீர் ஆலைகள் கை மாறுவதும் ஒன்று சேர்வதும் புதிதல்ல. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்பவர் தென்னிந்தியாவில் ஐந்து ஆலைகளை இணைத்து உண்டாக்கியதுதான் யுனைடெட் புருவரீஸ். 2021-ல் அதுவே டச்சு ஹைனெக்கன் வசமாயிற்று. இந்த அம்மாள் சொன்னது வேறு ஆலை.

"சாராய சம்பந்தமான வேலை போனால் நல்லதுதானே?" என்று வாசகிகளில் சிலர் கேட்கலாம். குடியைக் கண்டால் எனக்கும் ஆகாது. ஆனால் 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது, கள் இறக்கியவர்களைச் சர்க்கார் அப்படியே கைவிட்டுவிடவில்லை. பதநீர் இறக்கவும், பனைவெல்லம் காய்ச்சிக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் விற்கவும் வழி செய்தது. அத்தனை பேருக்கும் அது போதவில்லை என்பது வேறு விஷயம். கள் வேண்டாம் என்றவர்களுக்கும், இறக்கியவன் வீட்டு அடுப்பு ஞாபகம் இருந்தது.

"அந்தத் தாளில் அவரைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்" என்றேன்.

கிராஜுவிடியும் பி.எப்.பும் எப்படியும் வரும். ஆட்குறைப்பு என்றால் அதற்கு மேலும் உண்டு: ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, வேறு தொழில் பழக இன்னும் 15 நாள் சம்பளம். 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையானால் சர்க்கார் அனுமதியும் வேண்டும். தானாக விலகினதாக எழுதிக் கொடுத்தவர் இவற்றையெல்லாம் கேட்பது கஷ்டம்.

அம்மாள் விரல் விட்டு எண்ணினாள். "பதினேழு பதினஞ்சு... இருநூத்தி அம்பத்தஞ்சு நாள். எட்டு மாசத்துக்கு மேலே வருதே!"

வண்டி வந்துவிட்டது.

"இதை எழுதட்டுமா?" என்றேன்.

"எழுதிக்கோ. பேரு மட்டும் போடாதே. ஊரிலே சோடாக் கம்பெனின்னே இருக்கட்டும்."