'ஒன்றுமில்லை' என்னும் வியாதி

நமது நாட்டில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் மழையைப் பற்றிப் பேசுவார்கள். மழை தீர்ந்ததும் வியாதியைப் பற்றிப் பேசுவார்கள். எளாவூர் ரயில் நிலையத்தில் காலை வண்டிக்குக் காத்திருக்கும் கால் மணி நேரத்தில், ஒருவருக்கு முழங்கால் வலி என்பதும், மற்றொருவருக்கு வயிற்றெரிச்சல் என்பதும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்த்துத் திரும்பும் பிள்ளைக்கு ஓயாத தலைவலி என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. ஆளுக்கு ஒரு தைலத்தின் பெயரையும் சொல்லிவிடுகிறார்கள். வாங்கித் தருகிறவர் மட்டும் யாரும் இல்லை!

இந்த வலிகளுள் ஒரு வகையைப் பற்றி இவ்வாரம் எழுத விரும்புகிறோம். எந்தப் பரிசோதனையிலும் அகப்படாத வலி அது.

சில மாதங்களுக்கு முன், நமது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய பாட்டியார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பேரனுக்கு ஒரு நாள் லீவு வேண்டும். அவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்னை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர்களுக்கான அகதி முகாம் இருப்பது நேயர்கள் அறிந்ததே. 2021-ஆம் ஆண்டு முதல் அத்தகைய முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர். அம்முகாமில் வசிப்பவர் அந்த அம்மாள்.

கையிலே ஒரு மஞ்சள் பை; அதில் பல வருஷத்து ஆஸ்பத்திரிச் சீட்டுகள். பின்கழுத்திலிருந்து தோள் வரை வலி, நெஞ்சிலே ஒரு பாரம், இரவில் தூக்கமில்லை. இரத்தம் பார்த்தாயிற்று, இருதயம் பார்த்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று. எல்லாம் சரியாகவே இருக்கின்றன. கடைசியாகப் பார்த்த இளம் டாக்டர், "உங்களுக்கு ஒன்றுமே இல்லை, பாட்டி! தைரியமாகப் போங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அவர் நல்ல எண்ணத்துடன்தான் சொன்னார். ஆனால் அன்று முதல் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த வார்த்தையே ஆதாரமாகிவிட்டது. "ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டாரே, பிறகு ஏன் முனகவேண்டும்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். வலியோடு இப்போது பொய் சொல்லுகிறவர் என்ற பழியும் சேர்ந்துகொண்டது.

நாம் வைத்தியரல்ல. என்ன சொல்வதென்று தெரியாமல், "அம்மா, இந்த வலி வருவதற்கு முன் என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டோம். அவர் சற்று நேரம் நம் முகத்தையே பார்த்தார்.

"எங்கை நோகுது எண்டு எல்லாரும் கேட்டவை, மாஸ்டர். என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

நடந்தது இதுதான். 1990 ஜூன் மாதத்தில் இலங்கையில் மறுபடியும் யுத்தம் மூண்டபோது, மன்னார்க் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படகேறி இராமேசுவரம் வந்தார்கள். நான்கு வயதுப் பிள்ளையுடன் இந்த அம்மாளும் ஏறினார். கணவர் தம் தாயாரை அழைத்துக்கொண்டு அடுத்த படகில் வருவதாகச் சொன்னார். வரவில்லை. இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை. ஆகவே தாலியைக் கழற்றவில்லை, கருமாதி நடக்கவில்லை, ஒப்பாரி வைத்து அழ ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. "அழுதால் அவர் செத்துப்போனார் என்று நானே முடிவு கட்டியது போல் ஆகாதா?" என்பது அவருடைய கேள்வி. முப்பது வருஷங்களுக்கு மேலாக அந்த அழுகையை அவர் அடக்கி வைத்திருக்கிறார். இத்தகைய துயரத்துக்கு, 'முடிவு தெரியாத இழப்பு' என்ற பொருளில் ஒரு பெயரிட்டு, பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1999-ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

நிற்க. மனத்திலுள்ள துயரம் தோளிலே வலிப்பது எப்படி என்று நேயர்கள் கேட்கலாம்.

ஆபத்து நேர்ந்தால் மூளை உடனே உடலுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் இரத்தத்தில் கலக்கின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது; கழுத்து, தோள், தாடைத் தசைகள் இறுகுகின்றன; ஜீரணம் மந்தப்படுகிறது. இது ஓடவும் போராடவும் இயற்கை தந்த உபாயம். ஆபத்து நீங்கியதும் எல்லாம் தளர வேண்டும். நமது ஊர் ரயில்வே கேட்டை எண்ணிப் பாருங்கள். வண்டி வரும்போது அடைப்பது அவசியம். வண்டி கடந்த பின்பும் திறக்காவிட்டால் இரு புறமும் லாரிகள் மைல் கணக்கில் நின்றுவிடும். தீராத துயரம் உள்ளவரின் உடம்பு திறக்கப்படாத கேட்டைப் போன்றது. தசைகள் வருஷக்கணக்கில் இறுகியே கிடக்கின்றன; தூக்கம் கெடுகிறது. நாளடைவில் நரம்புகளும் கூர்மையடைந்து, பிறருக்குத் தட்டுவதுபோல் தோன்றுவது இவருக்கு அடிப்பதுபோல் இருக்கும். இதில் நடிப்பு ஏதும் இல்லை. வலி உண்மை, காயம் மாத்திரம் ஸ்கேன் காட்டும் இடத்தில் இல்லை.

இது புதிய செய்தியுமன்று. முதல் உலக யுத்தத்தில், உடலில் காயமே இல்லாத சிப்பாய்கள் பேச்சிழந்தார்கள், பார்வை இழந்தார்கள், கைகால் நடுங்கினார்கள். 'குண்டு அதிர்ச்சி' என்ற பெயரில் 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்னும் டாக்டர் அதைப் பற்றி எழுதினார். எனினும் அவர்களில் பலர் கோழைகளென்றே பழிக்கப்பட்டார்கள். நம்மவர் விஷயத்தில், யாழ்ப்பாணத்து மனநல வைத்தியரான தயா சோமசுந்தரம் யுத்தம் தமிழ் மக்களின் மனத்தில் உண்டாக்கிய வடுக்களைப் பற்றி 1998-ல் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். துயரம் என்று சொல்லி வருவதைவிட, உடல் நோவு, பெருமூச்சு, நெஞ்சடைப்பு என்று சொல்லி வருகிறவர்கள் நம்மிடையே மிகுதி என்பது அவர் போன்றோரின் அனுபவம். இதில் வியப்பென்ன? 'வயிறு எரிகிறது', 'நெஞ்சு அடைக்கிறது', 'ஈரற்குலை நடுங்குகிறது' என்று துயரத்துக்கெல்லாம் உடம்பிலேயே இடம் கொடுத்துப் பேசும் பாஷையல்லவா நம்முடையது?

வலியை ஆராயும் சர்வதேச சங்கம் 2020-ல் வலிக்குத் தந்த திருத்திய இலக்கணத்தில், வலி என்பது புலனால் உணர்வதோடு உள்ளத்தாலும் உணரும் அனுபவம் என்கிறது. ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அச்சொல்லை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது. அந்த இரண்டாவது வாக்கியத்தை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

இதனால் வைத்தியரிடம் போகவேண்டாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நெஞ்சுவலியை 'மனக்கவலை' என்று தள்ளி வைத்து உயிரை இழந்தவர்களும் உண்டு. முதலில் உடம்பைப் பார்க்க வேண்டியதே. அங்கே ஒன்றும் அகப்படாவிட்டால் சிகிச்சை முடிந்துவிட்டதாகாது. அதன் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. மனநல வைத்தியரிடம் பேசுவது, மூச்சையும் உறக்கத்தையும் ஒழுங்கு செய்வது, தினமும் சிறிது நடப்பது, வேண்டுமானால் மருந்து ஆகியவை அதில் அடங்கும். 1794-லேயே மனநோயாளருக்கு ஆஸ்பத்திரி கண்டது நமது சென்னை. அதுவே இன்று கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. 2022 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசினால் தமிழிலேயே யோசனை சொல்லுகிறார்கள். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த அம்மாளுக்கு வலி மறைந்துவிட்டது என்று எழுதினால் கதைக்கு அழகாயிருக்கும். ஆனால் அது உண்மையாகாது. வலி இருக்கிறது. மனநல வைத்தியர் ஒருவரிடம் மாதம் ஒரு முறை போய்வருகிறார். சில இரவுகள் தூங்குகிறார். மற்றொன்றும் நடந்தது. அன்று அவர் சொன்னவற்றைப் பேரன் தாழ்வாரத் தூணருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தன் தாத்தாவின் கதையை அவன் முதல் முறையாகக் கேட்டது அப்போதுதான். இப்போது மாலை வேளைகளில், "தாத்தா எப்படி இருப்பார், அம்மம்மா?" என்று அவன் கேட்கிறானாம், அவர் சொல்லுகிறாராம். சொல்லும்போது சில சமயம் அழுகையும் வருகிறதாம்.

நேயர்கள் வீட்டிலும் ஓயாத தலைவலிக்காரர் ஒருவர் இருக்கக்கூடும். அடுத்த முறை பரிசோதனைச் சீட்டு 'ஒன்றுமில்லை' என்று வந்தால், அதை அவரிடம் திருப்பிச் சொல்லி முடித்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானாலும் எழுந்து போய்விடாதீர்கள்.