ஒன்பதுபது

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் ஒரு புரோகிராம் உண்டு. "பாப்பா, மாமாவுக்கு ஒன் டூ த்ரீ சொல்லிக் காட்டு!" நாலு வயசு மகள் கண்ணை மூடிக்கொண்டு நூறு வரை ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். வந்தவர் "அடேயப்பா!" என்பார். பி.காம். படித்த தகப்பனின் மார்பு இரண்டு அங்குலம் விரியும். (இடுப்பும் விரிகிறது; அது வேறு கணக்கு.)

போன மாசம் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். கைதட்டல் வாங்கிய பிறகாவது நான் சும்மா இருந்திருக்கலாம். "டீப்பாய்ல எத்தனை டம்ளர் இருக்கு, எண்ணு பார்க்கலாம்" என்றேன். இருந்தது ஐந்து. விரல் ஒரு டம்ளரைத் தொடுவதற்குள் வாய் மூன்று எண்ணைத் தாண்டியது. "எய்ட்!"

"மெதுவா எண்ணும்மா."

இந்த முறை ஃபைவில் சரியாக நின்றாள்.

"ஆங்! அப்போ மொத்தம் எத்தனை?"

"ஒன், டூ, த்ரீ..."

"எண்ணச் சொல்லலை. எத்தனைன்னு கேட்டேன்!"

"ஒன், டூ..."

என் குரல் உயர்ந்தது. அவள் உதடு பிதுங்கியது. நண்பர்கள் காலி டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை நான் நம்பர் சார்ட்டை எடுத்ததும், "அப்பா, வயித்தை வலிக்குது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு பீரியடுக்கு எனக்கு வந்த அதே வலி. சொத்து என்று பெரிதாக எதுவும் சேர்க்காத நான், இதையா அவள் பேருக்கு எழுதி வைக்க வேண்டும்?

என் மாமியார்தான் அன்று ஆடிட்டராக வந்தார். "மாப்பிள்ளை, அவ சொல்றது எண்ணிக்கை இல்லை, பாட்டு. பாட்டைப் பாதியில நிறுத்தி எத்தனைன்னு கேட்டா குழந்தை என்ன பண்ணும்?" பரணிலிருந்து பல்லாங்குழி இறங்கியது. பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒரு குழிக்கு ஒரு கொட்டை, ஒரு கொட்டைக்கு ஒரு எண். விரலும் வாயும் முதல் தடவையாக ஒன்றாக நடந்தன. குழியில் நாலு சேர்ந்தால் அது 'பசு', குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஆதாயம் என்றதும் என் மகள் எண்ணாமலே, பார்த்த மாத்திரத்தில் "நாலு! பசு!" என்று பாய ஆரம்பித்தாள்.

நானும் சும்மா இல்லை. ஐந்து காசு ஒரு வரிசை, எதிரே ஐந்து காசு இன்னொரு வரிசை. "ரெண்டும் சமம்" என்றாள். அவள் கண் முன்னாலேயே ஒரு வரிசையைத் தள்ளித் தள்ளி வைத்தேன். "இப்போ?" "இதுலதான் நிறைய!" ஸ்விட்சர்லாந்துக்காரர் ழான் பியாஜே இதே சோதனையை 1941-ல் வெளிவந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறார். சின்ன வயதில் கண்ணுக்கு நீளமாகத் தெரிவதுதான் அதிகம். போகப் போகத்தான் தெளியும். எங்கள் ஆபீசில் ஃபைல் தடிமனைப் பார்த்து வேலையை மதிப்பிடும் மேனேஜருக்கு வயது ஐம்பத்தாறு. இவளை மட்டும் திட்டுவானேன்?

முக்கோணமும் அப்படித்தான். தலைகீழாகத் திருப்பினால் "விழுந்துடுச்சுப்பா" என்கிறாள். தப்பு அவள் மேல் இல்லை, சார்ட்டில் எல்லா முக்கோணமும் காலை ஊன்றியே நிற்கிறது. இப்போது சமோசாவை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறோம்.

போன வாரம் பாட்டியோடு தமிழில் எண்ணிக்கொண்டிருந்தாள். "எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது..." கொஞ்சம் யோசித்து, "ஒன்பதுபது!"

திருத்த வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். இருபது, முப்பது, எண்பது என்று வந்தவள் அடுத்ததைத் தானே கட்டியிருக்கிறாள்! ஒப்பித்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. ஒன்பதுக்கு மேல் திடீரென்று தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று தடம் மாறுவது நம் ஆட்கள் செய்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை அதே மூன்று நண்பர்கள் வந்தார்கள். புரோகிராம் கேன்சல். காலி டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். மாமாவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, இன்னொரு மாமாவுக்கு, பாட்டிக்கு. கடைசியில் வெறுங்கையோடு என் முன்னால் நின்றாள்.

"அப்பா, ஒண்ணு குறையுது."

கணக்கு சரி. காபிதான் எனக்கு அரை மணி நேரம் லேட்டாக வந்தது.