நீர்மூழ்கி ஓட்டும் பையன்கள்

அமெரிக்காவில் முப்பது வயதுக்கு உட்பட்ட நூறு பேரில் பன்னிரண்டு பேருக்கு அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஓட்ட லைசென்ஸ் இருக்கிறது. சிரிக்காதீர்கள். நான் சொல்லவில்லை, ஸர்வே சொல்கிறது.

2022 பிப்ரவரியில் பியூ ரிஸர்ச் சென்டர் என்ற அமெரிக்க ஆராய்ச்சி அமைப்பு, ஒரு இன்டர்நெட் ஸர்வேயில் வேண்டுமென்றே இந்தக் கேள்வியைச் செருகிப் பார்த்தது. தங்களை இளைஞர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களில் 12 சதவிகிதம் பேர் 'ஆமாம், லைசென்ஸ் உண்டு' என்று தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நிஜத்தில் அந்த லைசென்ஸ் உள்ளவர்களைச் சதவிகிதக் கணக்கில் சொன்னால் பூஜ்யம்தான் வரும்.

யார் இந்த மாலுமிகள்? பெரும்பாலும் காசுக்கு வருகிறவர்கள். இந்த ரக ஸர்வேயில் யார் வேண்டுமானாலும் சேரலாம். முடித்துக் கொடுத்தால் கொஞ்சம் சில்லறை, இல்லாவிட்டால் கிஃப்ட் கார்டு. கேள்வியைப் படித்தால் நேரம் வீண். எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று அழுத்திக்கொண்டே போனால் அரை மணி வேலை ஐந்து நிமிஷத்தில் தீர்ந்தது. வயசு? எந்த வயசுக்கு ஆள் தேவையோ, அந்த வயசு. இளைஞர்கள் ஸர்வேக்குச் சிக்குவது கஷ்டம். அதனால் கிராக்கி. ஐம்பது வயது மாமாவும் அங்கே இருபத்துமூன்று!

'போகட்டுமே ஸார், இதனால் என்ன குடி முழுகிப் போச்சு?' என்பீர்கள். கேளுங்கள். 2023 டிசம்பரில் எக்கனாமிஸ்ட் பத்திரிகைக்காக யூகவ் நிறுவனம் எடுத்த இன்டர்நெட் ஸர்வே ஒன்று. ஹிட்லர் ஆட்சியில் யூதர்களைக் கொன்று குவித்தது வெறும் கட்டுக்கதை என்று முப்பதுக்குக் கீழே 20 சதவிகிதம் பேர் ஒப்புக்கொண்டதாக ரிஸல்ட் வந்தது. இந்தக் காலத்துப் பசங்க உருப்படுவாங்களா என்று பெரியவர்கள் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டிய சமாசாரம்.

அடுத்த மாதமே பியூ அதே சங்கதியை வேறு ஆட்களிடம் கேட்டது. வீட்டு விலாசங்களைக் குலுக்கிப் போட்டுப் பொறுக்கி, தபால் அனுப்பி அழைத்துச் சேர்த்தவர்கள் இவர்கள். இளைஞர்களில் வந்தது 3 சதவிகிதம். மற்ற வயதுக்காரர்களிலும் ஏறக்குறைய அதேதான். யாரோ சில்லறைக்குத் தட்டிய 'ஆமாம்', ஒரு தலைமுறைக்கே கெட்ட பெயர் வாங்கித் தர இருந்தது.

இன்டர்நெட் வருவதற்கு முன்னால் எல்லோரும் அரிச்சந்திரன்களா என்றால், இல்லை. என் நண்பர் ஒருவர் வேலை கிடைக்கும்வரை வீடு வீடாகப் போய் சோப்புத்தூள் ஸர்வே எடுத்தவர். அவர் சொன்னது: "மூணு மாடி ஏறி பெல் அடிச்சா நாய்தான் பதில் சொல்லும். டீக்கடை பெஞ்சுல உக்காந்தா மத்தியானத்துக்குள்ள பதினஞ்சு இல்லத்தரசி ரெடி!" அமெரிக்காவில் இந்தக் கலைக்குப் பெயரே உண்டு: கர்ப்ஸ்டோனிங். தெரு ஓரக் கல்லில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்புவது. இதைப் பிடிக்கத்தான் சில வீடுகளுக்கு மட்டும் சூப்பர்வைஸர் மறுபடி போய், 'நிஜமாவே எங்க ஆள் வந்தாராம்மா?' என்று விசாரிப்பார்.

1945-லேயே லியோ கிரெஸ்பி என்பவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆளை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை; முடிவே இல்லாத கேள்விகள், கட்டுப்படியாகாத கூலி, இவையும்தான் அவனைப் பொய் எழுத வைக்கின்றன என்பது அவர் கட்சி. என் நண்பர் ஓட்டு அவருக்குத்தான்.

இன்டர்நெட்டில் சூப்பர்வைஸருக்குப் பதில் பொறி வைக்கிறார்கள். 'இந்தக் கேள்விக்கு மூன்றாவது கட்டத்தை டிக் செய்யவும்' என்பார்கள். இல்லாத பிராண்டின் பெயரைச் சொல்லி 'வாங்கியதுண்டா?' என்பார்கள். மின்னல் வேகத்தில் முடித்தவனைக் கழித்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2025-ல் டார்ட்மவுத் கல்லூரியின் ஷான் வெஸ்ட்வுட், மனுஷன் மாதிரியே பதில் சொல்லும் ஒரு ஏஐ செய்து காட்டினார். இப்படிப்பட்ட கவனச் சோதனைகளில் அது 99.8 சதவிகிதம் பாஸ். எலி இப்போது பொறியைப் படித்துவிட்டு வருகிறது.

ஆகவே பொறியை மட்டும் நம்பாதீர்கள். ஆபீஸில் யாராவது கலர் கலராகப் படம் போட்டு, 'வாடிக்கையாளர்களில் 80 சதவிகிதம் பேருக்குப் பரம திருப்தி' என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாம் ஆளைத் தேடிப் போனோமா, ஆள் காசைத் தேடி வந்தானா?

மானேஜர் விழித்தால் அதோடு விட்டுவிடுங்கள். 'உங்களுக்கும் நீர்மூழ்கி லைசென்ஸ் உண்டா ஸார்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இன்க்ரிமென்ட் முக்கியம்.