1968-க்கு முன் ஜெயித்ததெல்லாம் எங்கே போயிற்று?

டென்னிஸில் யார் பெரிய ஆள் என்று சண்டை வந்தால் உடனே ஓர் எண்ணைத் தூக்கிப் போடுவார்கள். ஆண்கள் ஒற்றையர் பட்டங்கள்: கானர்ஸ் 109, ஃபெடரர் 103. எதிராளி வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இந்தக் கணக்கு 1968-ல்தான் ஆரம்பிக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அதற்கு முன் டென்னிஸே ஆடவில்லையா என்ன?

ஆடினார்கள், இரண்டு கூடாரங்களாக. விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகள் அமெச்சூர்களுக்கு மட்டும். காசுக்கு ஆடுகிறேன் என்று ஒப்பந்தம் போட்டவருக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடும். (அமெச்சூர்களுக்கும் சத்தமில்லாமல் பணம் போனது ஊரறிந்த ரகசியம். அது தனிக் கதை.) நம் ராமநாதன் கிருஷ்ணனையும் ஜாக் க்ரேமர் 1959-ல் தன் தொழில்முறைக் குழுவுக்கு அழைத்தார். அவர் போகவில்லை. போயிருந்தால் 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகள் இரண்டும் அவர் பெயரில் இருந்திருக்காது.

போனவர்கள் கதையைப் பாருங்கள். பான்சோ கொன்சாலஸ் 1948, 1949-ல் அமெரிக்கப் பட்டம் வென்று, 21 வயதில் தொழில்முறைக்குப் போனார். மறுபடி ஒரு கிராண்ட் ஸ்லாமில் ஆடியபோது வயது 40. அப்போதும் பிரெஞ்சுப் போட்டியில் அரையிறுதி வரை வந்தார்! ராட் லேவர் 1962-ல் நான்கு ஸ்லாமும் வென்றார், 1969-ல் மறுபடி நான்கும் வென்றார். நடுவில் 1963 முதல் 1967 வரை பூஜ்யம். ஆட்டம் மறந்தா போயிற்று? அதே ஐந்து வருடங்களில் ராய் எமர்சன் 10 ஸ்லாம் வென்றார். மொத்தம் 12, 2000-ல் சாம்ப்ராஸ் முறியடிக்கும்வரை அதுதான் ஆண்கள் சாதனை. எமர்சன் மேல் குற்றமில்லை. எதிரே இருந்திருக்க வேண்டியவர்களை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான்.

1968 ஏப்ரலில் போர்ன்மத் நகரில் இரு தரப்பும் கலந்து ஆடிய முதல் போட்டி நடந்தது. இறுதியில் லேவரைத் தோற்கடித்தவர் கென் ரோஸ்வால். அடுத்து பாரிஸிலும் அதே இறுதி, அதே முடிவு. அந்த ரோஸ்வால் 11 வருடம் வெளியே நின்றவர்.

இதற்குப் பரிகாரமாகச் சிலர் ரோஸ்வாலின் 8 ஸ்லாமோடு 15 பெரிய தொழில்முறைப் பட்டங்களைக் கூட்டி 23 என்கிறார்கள். இதுவும் நியாயமில்லை. நெல்லையும் அரிசியையும் ஒரே மரக்காலில் அளப்பது போலத்தான் இது. விம்பிள்டனில் 128 பேர், ஏழு ஆட்டம். தொழில்முறைப் போட்டியில் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பேர்தான், ஆனால் எல்லோருமே புலிகள். தவிர, எது 'பெரிய' போட்டி என்பதே பின்னால் வந்தவர்கள் போட்ட பட்டியல்.

கூட்ட வேண்டாம், பிரித்து எழுதினால் போதும். அமெச்சூர், தொழில்முறை, ஓப்பன் என்று மூன்று பத்திகள். ரோஸ்வால் 4, 15, 4. லேவர் 6, 8, 5. எமர்சன் 12, 0, 0. ஒரே வரியில் கதை புரிந்துவிடுகிறதல்லவா? ஒவ்வொரு பட்டத்துக்கும் எதிரே எத்தனை பேர் ஆடினார்கள் என்றும் குறிக்க வேண்டும். 1968-க்குப் பிந்திய கணக்குக்கும் இது தேவை. கானர்ஸின் 109-ல், எழுபதுகளின் தொடக்கத்தில் அவருடைய மேலாளர் பில் ரியார்டன் நடத்திய சின்னச் சின்ன அமெரிக்கப் போட்டிகளும் அடக்கம். பெரிய தலைகள் பலர் அப்போது வேறு சுற்றில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பழைய ஏட்டை இப்போது யார் திருத்துவார்கள் என்று கேட்கலாம். பெண்கள் டென்னிஸில் திருத்தினார்கள். 1976-ல் இரண்டு வாரம் இவான் கூலகாங்தான் முதலிடத்தில் இருந்தார் என்பதை, விட்டுப்போன காகிதங்கள் கிடைத்ததும் 2007-ல் ஒப்புக்கொண்டார்கள். ஆண்கள் தரப்பில் கில்லர்மோ விலாஸுக்காக எழுபதுகளின் தரவரிசையை வாரவாரியாக மறுபடி கணக்குப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2015-ல் ஏ.டி.பி. முடியாது என்று சொல்லிவிட்டது.